ஆப்ரிக்கானா வுமனிசம்: அடிக்கடி கேக்குற கேள்விகளும் எனக்குத் தெரிஞ்ச பதில்களும்

எம்.ஏ. இங்கிலீஷ் ப்ராஜெக்ட், பி.எச்.டி. தீசிஸ்னு ஏதாவது ஒரு சாக்குல வருஷா வருஷம் நாலஞ்சு பேராவது இந்த தியரியப் பத்தி எனக்கு மெசேஜ் போடுறாங்க, எல்லாருக்கும் ஒரே பதில டைப் அடிச்சு டைப் அடிச்சு கட்டைவிரல் தேஞ்சு போச்சு. அதனால ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன். நான் இதோட ரசிகையும் இல்ல எதிரியும் இல்ல, பத்து வருஷமா மல்லுக்கட்டிட்டு இருக்கேன், அவ்ளோதான். பிடிச்ச இடத்துல பிடிச்சிருக்குன்னும் இடிக்கிற இடத்துல இடிக்குதுன்னும் சொல்லிருக்கேன்.

கே: முதல்ல இது என்ன? ரெண்டு வரில சொல்லுங்க.

ரெண்டு வரில முடியாது, நாலு வரி குடுங்க. ஆப்பிரிக்க வம்சாவளில வந்த பெண்கள், நைஜீரியால இருந்தாலும் சரி ஜமைக்கால இருந்தாலும் சரி சிகாகோல இருந்தாலும் சரி, தங்களோட வாழ்க்கையத் தங்களோட வரலாற்றுல இருந்தே புரிஞ்சுக்கணும், வெள்ளைக்காரப் பெண்கள் அளவுக்குத் தச்ச சட்டைய எடுத்து மாட்டிக்கத் தேவையில்லன்னு சொல்ற தியரி. ஒரு பெண்ணைத் தனி ஆளா நிறுத்திப் பாக்காம புருஷன், புள்ளைங்க, அம்மா, அத்தை, சர்ச், தெரு, ஒட்டுமொத்த இனம்னு எல்லாரோடயும் சேத்துதான் பாக்கும். உருவாக்கினவங்க கிளெனோரா ஹட்சன்-வீம்ஸ், அமெரிக்காவுல மிசூரி யுனிவர்சிட்டில இங்கிலீஷ் ப்ரொஃபசர். எண்பதுகளோட நடுவுல 'பிளாக் வுமனிசம்'னு பேசிட்டு இருந்தவங்க 1987ல பேர மாத்தினாங்க, 1993ல அது புத்தகமா வந்துச்சு.

கே: ஆப்ரிக்கன்னு சொன்னா போதாதா, 'ஆப்ரிக்கானா'ன்னு எதுக்கு இழுக்கணும்?

ஆப்ரிக்கன்னு சொன்னா அந்தக் கண்டத்துல இருக்கவங்கன்னு மட்டும் நினைச்சுப்போம். கப்பல்ல ஏத்திட்டுப் போனவங்களோட பேரன் பேத்திகளையும் சேத்து ஒரே வார்த்தைல சொல்லத்தான் அந்த இழுவை. 'வுமன்' ஏன்னா, செடில ஃபீமேல் இருக்கு, ஆட்டுல ஃபீமேல் இருக்கு, எலக்ட்ரிக் சாமான்ல கூட ஃபீமேல் இருக்கு, ஆனா வுமன்னு மனுஷியத்தான் சொல்ல முடியும்ங்கறாங்க ஹட்சன்-வீம்ஸ். கேக்க நல்லாருக்கு, ஆனா எனக்கு இது நிக்கல. ஃபெமினிசம்ங்கற சொல்லோட வேர்ல இருக்கற லத்தீன் வார்த்தைக்கே பெண்ணுன்னுதான் அர்த்தம். அடுத்த காரணம் இன்னும் வலுவானது: அடிமையா இருந்து வெளிய வந்த சோஜர்னர் ட்ரூத் மேடைல ஏறி 'நானும் ஒரு பெண்தானே'ன்னு கேட்டதாச் சொல்றாங்களே, அந்த 'வுமன்'ல இருந்து இந்தப் பேர் வருது. அந்தம்மாகிட்ட அப்புறம் வரேன், அவங்கள விட்டுட்டு இந்த தியரியப் பேசவே முடியாது.

கே: பேசாம ஃபெமினிசம்னே சொல்லிட்டுப் போலாமே, தனிப் பேர் எதுக்கு?

இதுலதான் தியரியோட பாதி இருக்கு. பேர யார் வைக்கிறாங்களோ அவங்க கைலதான் அதிகாரம். ஹட்சன்-வீம்ஸ் ஆப்பிரிக்க மரபுல இருந்து 'நொம்மோ'ன்னு ஒரு வார்த்தைய எடுத்துட்டு வராங்க, பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் ஒண்ணு உயிரோட எழுந்து வரும்ங்கற மாதிரி அர்த்தம்.

அது ஏதோ தத்துவம்னு நினைச்சீங்கன்னா ஒரு கேஸ் சொல்றேன். 1963, அலபாமா மாநிலம் காட்ஸ்டன். மேரி ஹாமில்டன்னு ஒரு கறுப்பினப் போராளி கோர்ட்ல சாட்சி சொல்ல நிக்கிறாங்க. அந்தக் காலத்துல அந்த ஊர் கோர்ட்ல வெள்ளைக்காரப் பெண்கள 'மிஸ்', 'மிஸஸ்'னு கூப்பிடுவாங்க, கறுப்பினப் பெண்ணுன்னா வெறும் பேருதான், வயசானவங்கன்னா 'ஆன்ட்டி'. அரசு வக்கீல் 'மேரி'ன்னு ஆரம்பிக்கிறார், இவங்க ஒழுங்கா மரியாதையோட கூப்பிட்டாத்தான் பதில் சொல்வேன்னு நின்னுட்டாங்க. ஜட்ஜ் கோர்ட் அவமதிப்புன்னு 5 நாள் ஜெயில், 50 டாலர் ஃபைன் போட்டார். அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1964ல இவங்க பக்கம் தீர்ப்பு வந்துச்சு. ஒரு 'மிஸ்'ஸுக்காக! யாரு யார எப்படிக் கூப்பிடலாம்ங்கறதுல எவ்ளோ இருக்குன்னு நமக்கு யாரும் புதுசா சொல்லித் தர வேணாம்.

சரி, ஃபெமினிசம்ங்கற பேர் மேல என்ன கோவம்? அந்தப் பேரோட வந்த இயக்கம் இவங்கள வாசல்லயே நிக்க வச்சுது. 1870ல கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுரிமை குடுத்த 15வது திருத்தத்த எலிசபெத் கேடி ஸ்டான்டன், சூசன் பி. ஆன்டனி மாதிரி பெரிய தலைவிகளே எதிர்த்தாங்க, எங்களுக்கு முன்னாடி அவங்களுக்கான்னு. 1913 மார்ச்ல வாஷிங்டன்ல பெண்கள் ஓட்டுரிமைப் பேரணி நடந்தப்ப, தூக்கிலிட்டுக் கொல்ற கும்பல் வெறிய எதிர்த்து வருஷக்கணக்கா எழுதிட்டு இருந்த ஐடா பி. வெல்ஸ்கிட்ட போய் 'தெற்கு மாநிலத்துக்காரங்க கோவிச்சுப்பாங்க, நீங்க கடைசில வாங்க'ன்னாங்க. அவங்க சரின்னும் சொல்லல, வீட்டுக்கும் போகல, வேடிக்கை பாக்குற கூட்டத்துல நின்னுட்டு இருந்துட்டு, அவங்களோட இலினாய் மாநிலக் குழு வந்ததும் டக்குனு உள்ள பூந்து கூடவே நடந்தாங்க. அந்த இயக்கத்தோட பேர நாங்க ஏன் சுமக்கணும்ங்கறதுதான் ஹட்சன்-வீம்ஸோட கேள்வி. நியாயமான கேள்விதான்.

கே: எல்லாம் சரி, ஆனா குடும்பத்த ஏன் நடுவுல வைக்கணும்? அதுதானே பெண்களக் கட்டிப்போடுது?

எல்லாரும் சறுக்குற இடம் இது, கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

1662ல வர்ஜீனியாவுல ஒரு சட்டம் போட்டாங்க: பிறக்குற குழந்தை அடிமையா சுதந்திரமாங்கறது தாயோட நிலையப் பொறுத்துது. இங்கிலாந்து வழக்கப்படி தகப்பன வச்சுதான் புள்ளைக்கு எல்லாமே, அத அப்படியே தலைகீழாத் திருப்பிட்டாங்க. விளைவு என்னன்னா எஜமானனே ஒரு அடிமைப் பெண்கிட்ட பலாத்காரமாப் பெத்துக்கிட்ட குழந்தையும் அவனோட சொத்துக் கணக்குல ஏறிடும். கல்யாணத்துக்கு சட்டத்துல மதிப்பு கிடையாது, துடைப்பத்தத் தாண்டிக் குதிச்சு அவங்களா கல்யாணம்னு ஒண்ணு பண்ணிப்பாங்க, மறுநாளே புருஷன் ஒரு ஊருக்கும் பொண்டாட்டி ஒரு ஊருக்கும் விக்கப்படலாம். யோசிச்சுப் பாருங்க, அந்த ஊர்ல 'என் புள்ள'ன்னு ஒரு அம்மா சொல்றதே எஜமானனோட சொத்துரிமைக்கு எதிரான பேச்சு.

இப்போ சோஜர்னர் ட்ரூத். அப்போ அவங்க பேர் இசபெல்லா, நியூயார்க் மாநிலத்துல அடிமை, வீட்ல பேசினது டச்சு மொழி. 1826 கடைசில கைக்குழந்தையத் தூக்கிட்டு எஜமானன் வீட்ட விட்டு நடந்து வெளிய வந்துட்டாங்க. அவங்க பையன் பீட்டர், அஞ்சு வயசு இருக்கும், அவன அலபாமாவுக்கு வித்துட்டாங்க. வெளி மாநிலத்துக்கு விக்கிறது நியூயார்க் சட்டப்படி குற்றம். எழுதப் படிக்கத் தெரியாத இந்தம்மா வீடு வீடாப் போய்க் காசு திரட்டி வக்கீல் பிடிச்சு கேஸ் போட்டு 1828ல ஜெயிச்சு பையனத் திரும்பக் கொண்டு வந்தாங்க. கோர்ட்ல என்ன ஆச்சு தெரியுமா, பையன் அழுது கத்தி 'இவங்க என் அம்மா இல்ல'ன்னு எஜமானனப் பிடிச்சுக்கிட்டான். அவ்ளோ பயம். மொகத்துல என்ன தழும்புன்னு கேட்டா குதிரை ஒதச்சுதுன்னு சொல்லிக் குடுத்தத ஒப்பிச்சான். அப்புறம் மெதுவா சமாதானப்படுத்தி சட்டையக் கழட்டிப் பாத்தா கழுத்துல இருந்து கால் வரைக்கும் அடி வாங்கின தடம்.

இந்தம்மாவுக்கு குடும்பம் கூண்டா? குடும்பம்ங்கறது கோர்ட்ல போராடி வாங்க வேண்டிய பொருளா இருந்துச்சு. 1843ல தானே தன் பேர சோஜர்னர் ட்ரூத்னு மாத்தி வச்சுக்கிட்டாங்க. தன் பேரத் தானே வைக்கிறது, குடும்பத்த நடுவுல வைக்கிறது, தியரியோட ரெண்டு முக்கியமான கால்களும் ஒரே ஆள்கிட்ட நிக்குது பாருங்க.

அடிமை முறை 1865ல ஒழிஞ்சப்புறம் என்ன நடந்துச்சுன்னு கேட்டா, ஜனங்க கிளம்பித் தேட ஆரம்பிச்சாங்க, மைல் கணக்கா நடந்து. பேப்பர்ல விளம்பரம் குடுத்தாங்க. நியூ ஆர்லியன்ஸ்ல ஒரு மெதடிஸ்ட் பேப்பர்ல 1879ல இருந்து 'தொலைஞ்ச சொந்தங்கள்'னே ஒரு பத்தி வந்துச்சு, ஒரு விளம்பரத்துக்கு 50 சென்ட். பாதிரியார்கள் சர்ச்ல சத்தமா வாசிச்சுக் காட்டணும்னு தலைப்புலயே கேட்டுப்பாங்க, ஏன்னா நிறைய பேருக்குப் படிக்கத் தெரியாது. அந்த விளம்பரங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்: அம்மா பேரு இன்னது, எங்கள வச்சிருந்தவர் இன்னார், இந்த ஊர்ல வச்சு என்ன வித்தாங்க, தம்பி அப்போ கைக்குழந்தை, யாருக்காவது தெரிஞ்சா இந்த முகவரிக்கு எழுதுங்க. பிரிஞ்சு முப்பது வருஷம் நாப்பது வருஷம் ஆனவங்கல்லாம் குடுத்திருக்காங்க. ஒரு ராத்திரி உக்காந்து நாப்பது அம்பது படிச்சேன், அதுக்கப்புறம் இந்த தியரி எனக்கு வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சுது.

இன்னொண்ணு. விடுதலைக்கு அப்புறம் நிறையப் பெண்கள் பருத்திக் காட்டு வேலைய விட்டுட்டு வீட்ல இருந்து புள்ளைங்களப் பாத்துக்க ஆரம்பிச்சதும் பண்ணைக்காரங்களுக்கு ஒரே எரிச்சல், 'இவளுங்க சீமாட்டி வேஷம் போடுறாளுங்க'ன்னு புலம்பினாங்க. வெள்ளைக்கார மிடில் கிளாஸ் அம்மா 1963ல 'வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடக்கேன்'னு அழுதா அது உண்மையான அழுகைதான், ஆனா அதே வருஷம் அந்த வீட்டு சமையல் ரூம்ல கறுப்பினப் பெண் ஒருத்தி நின்னு வேலை பாத்துட்டு இருந்திருப்பா, அவ புள்ளைங்க அவ வீட்ல தனியா இருந்திருக்கும். ரெண்டு பேருக்கும் ஒரே மருந்து எப்படி?

பழைய கதைன்னு நினைக்காதீங்க. அறுபதுகள்ல அலபாமால ஒரு விதி, ஏழைத் தாய் வீட்டுக்கு ஒரு ஆம்பள வந்து போனா அவர் 'மாற்று அப்பா', அதனால புள்ளைங்களுக்கான உதவித்தொகை கட். செல்மா பக்கம் மிஸஸ் ஸ்மித்னு ஒருத்தங்க, நாலு புள்ளைங்க, விடிகாலை 3:30ல இருந்து மத்தியானம் 12 வரைக்கும் ஓட்டல்ல சமையலும் சப்ளையும், வாரத்துக்கு 16ல இருந்து 20 டாலர் சம்பளம். வார லீவுல ஒருத்தர் வந்து பாத்துட்டுப் போறார்னு பணத்த நிறுத்திட்டாங்க. அவங்க கேஸ் போட்டு 1968ல சுப்ரீம் கோர்ட் அந்த விதிய தூக்கி எறிஞ்சுது. அதுக்கு மூணு வருஷம் முன்னாடிதான், 1965ல, மொய்னிஹான்னு ஒரு அதிகாரி கறுப்பினக் குடும்பங்கள் சிதையுது, தாய்மார் ஆதிக்கம் ஒரு காரணம்ங்கற மாதிரி அரசாங்க ரிப்போர்ட் எழுதினார். ஒரு கைல ஆம்பளய வீட்ட விட்டுத் துரத்துறது, இன்னொரு கைல ஆம்பள இல்லாத வீடுன்னு ரிப்போர்ட் எழுதறது.

கே: அப்போ சுருக்கமா 'பொம்பளைன்னா வீட்டப் பாத்துக்கணும்'னு தானே சொல்லுது?

இல்லவே இல்ல. அடிமைக் காலத்துல பருத்திக் காட்டுல ஆணும் பெண்ணும் ஒண்ணாத்தான் வேலை செஞ்சாங்க, அதனால 'நீ வெளிய, நான் உள்ள'ங்கற பிரிவினை அங்க உருவாகவே இல்லன்னு ஹட்சன்-வீம்ஸ் சொல்றாங்க. யாருக்கு எது வருதோ, எப்போ எது தேவையோ அத எடுத்துச் செய்யறது. 1881ல அட்லாண்டா சலவைக்காரப் பெண்கள் ஸ்ட்ரைக் ஒரு நல்ல உதாரணம். சலவை வேலைய நிறைய பேர் ஏன் எடுத்தாங்கன்னா துணிய வீட்டுக்கே கொண்டு வந்து புள்ளைங்கள பக்கத்துல வச்சுக்கிட்டே துவைக்கலாம், எஜமானியம்மா தலைமாட்டுல நிக்க மாட்டா. ஜூலைல இருபது பேரா ஆரம்பிச்சது மூணே வாரத்துல மூவாயிரம் ஆச்சு, பன்னிரண்டு பவுண்டு துணிக்கு ஒரு டாலர்னு கேட்டாங்க. நகராட்சி லைசென்ஸ் ஃபீஸ் 25 டாலர் போடுவோம்னு மிரட்டினா, 'கட்டிக்கறோம், ஆனா ரேட் நாங்கதான் சொல்வோம்'னு பதில் வந்துச்சு. குடும்பத்துக்காக வேலை, வேலைக்காக சங்கம்.

கே: ஆப்ரிக்கானா வுமனிஸ்டுக்கு ஹட்சன்-வீம்ஸ் குடுத்த 18 குணங்கள் என்னென்ன? மனப்பாடம் பண்ணணுமா?

பரீட்சைக்குன்னா பண்ணுங்க. தன் பேரத் தானே வச்சுக்கறவ, தான் யாருன்னு தானே வரையறுக்கறவ, குடும்பத்த நடுவுல வச்சவ, மத்த பெண்களுக்கு உண்மையான சகோதரி, உறுதியானவ, விடுதலைப் போராட்டத்துல ஆணோட சேந்து நிக்கறவ, முழுமையானவ, அசலானவ, எந்தப் பொறுப்பையும் மாத்தி மாத்தி எடுத்துக்கறவ, மதிக்கப்படறவ, அங்கீகரிக்கப்படறவ, ஆன்மிகம் உள்ளவ, ஆணோட ஒத்து வாழறவ, பெரியவங்களுக்கு மரியாதை குடுக்கறவ, சூழ்நிலைக்கு ஏத்த மாதிரி மாறிக்கறவ, லட்சியம் உள்ளவ, தாய்மை உள்ளவ, பேணி வளக்குறவ. எண்ணிப் பாத்துக்கோங்க, 18.

முதல் தடவை படிச்சப்ப எனக்கு ஞாயித்துக்கிழமை பேப்பர் மணமகள் தேவை பக்கம் ஞாபகம் வந்துச்சு, மறைக்க என்ன இருக்கு. ஆனா வரிசைய கவனிங்க, முதல் ரெண்டும் பேரும் வரையறையும். பெரியவங்களுக்கு மரியாதைங்கறது பதினாலாவதுதான் வருது. தாய்மைங்கறதும் பெத்தாத்தான்னு கிடையாது, அந்தச் சமூகத்துல பக்கத்து வீட்டுப் புள்ளைய, அக்கா புள்ளைய, யாருமில்லாத புள்ளைய வளக்குற 'இன்னொரு அம்மா'ங்கற வழக்கம் ரொம்ப ஆழமானது.

கே: ஆம்பளைங்களப் பத்தி என்ன நிலைப்பாடு? ரொம்ப சாஃப்டா இருக்கற மாதிரி தெரியுதே?

ஃபேனி லூ ஹேமரப் பத்திச் சொன்னா புரியும். மிசிசிப்பில பருத்திக் காட்டுக் கூலிக் குடும்பம், 20 புள்ளைங்கள்ல கடைசி. 1961ல கட்டி எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனவங்களுக்கு ஒரு வார்த்தை கேக்காம கர்ப்பப்பையவே எடுத்துட்டாங்க, அந்தப் பக்கத்துல ஏழைக் கறுப்பினப் பெண்களுக்கு இது அவ்ளோ சாதாரணமா நடந்ததுனால 'மிசிசிப்பி அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன்'னு கிண்டலாப் பேரே இருந்துச்சு. ரெண்டு பொண்ணுங்களத் தத்தெடுத்து வளத்தாங்க, மூத்தவ 1967ல இறந்ததும் அவளோட புள்ளைங்களையும் இவங்களே வளத்தாங்க. நடுவுல ஓட்டுரிமைக்காக ஜெயில்ல அடி வாங்கி சிறுநீரகம் கெட்டுப் போச்சு. 1971ல நியூயார்க்ல ஒரு கூட்டத்துல பெண் விடுதலையப் பத்திப் பேசறப்ப, ஆம்பளகிட்ட இருந்து விடுதலையாகற கவலை எனக்கு இல்ல, என் புருஷன் ஆறடி மூணு இஞ்ச், 240 பவுண்டு, பதினாலாம் நம்பர் ஷூ, அவர்கிட்ட இருந்து எனக்கு விடுதலையே வேணாம்னு சொல்லி சிரிக்க வச்சாங்க.

இந்த வரிய ஆப்ரிக்கானா வுமனிசம் பக்கம் இருக்கவங்க ஆசையா எடுத்துக் காட்டுவாங்க. ஆனா அதே 1971ல பெண்கள அரசியல் பதவிக்குக் கொண்டு வரணும்னு தேசிய அளவுல ஒரு அமைப்பு உருவானப்ப, பெட்டி ஃப்ரீடன், குளோரியா ஸ்டைனம் மாதிரி வெள்ளைக்கார ஃபெமினிஸ்டுகளோட சேந்து அதத் தொடங்கினவங்கள்ல ஹேமரும் ஒருத்தர்ங்கறத யாரும் பக்கத்துலயே போட மாட்டாங்க. ரெண்டும் அவங்கதான். தியரி ஆளுங்க ஒரு பாதிய வச்சுக்கறாங்க, எதிர்க்கறவங்க இன்னொரு பாதிய.

கே: இனம், வர்க்கம், அப்புறம்தான் பாலினம்னு ஏன் ஆர்டர் போடணும்?

ஹட்சன்-வீம்ஸோட வாதம்: கறுப்பினப் பெண் ரூமுக்குள்ள நுழையறப்ப மத்தவங்க முதல்ல பாக்குறது நிறத்த. 1851ல ஓஹையோல ஆக்ரன் ஊர்ல நடந்த பெண்ணுரிமை மாநாட்ட அவங்க இப்படித்தான் படிக்கறாங்க. ட்ரூத் மேடை ஏறினா அங்க இருந்த வெள்ளைக்காரங்களே முணுமுணுத்தாங்க, முதல்ல தோல் நிறத்தத் தாண்டினாத்தான் பெண்ணுங்கற பேச்சுக்கே அவங்களால வர முடிஞ்சுது. இங்க ஒரு எச்சரிக்கை, தீசிஸ்ல கண்ண மூடிட்டு எழுதிடாதீங்க: எல்லாருக்கும் தெரிஞ்ச அந்த 'நான் பெண் இல்லையா' பேச்சு, ஃபிரான்சஸ் கேஜ்னு ஒரு வெள்ளைக்காரம்மா பன்னிரண்டு வருஷம் கழிச்சு 1863ல எழுதினது. அதே 1851ல உள்ளூர் பேப்பர்ல வந்த ரிப்போர்ட்ல அந்த வரியே கிடையாது. கேஜ் எழுதினதுல தெற்குப் பக்கத்துக் கொச்சை இருக்கு, டச்சு பேசி வளந்த நியூயார்க்காரம்மா எப்படி அப்படிப் பேசியிருப்பாங்க? பதிமூணு புள்ள பெத்தேன்னு வேற வரும், ட்ரூத்துக்கு அஞ்சு. தன் பேரத் தானே வச்சுக்கிட்ட ஆளோட வாயில அடுத்தவங்க வார்த்தைய வச்சிருக்காங்க, இதவிட கொடுமை என்ன இருக்கு. நான் அந்தப் பேச்ச விட்டுட்டு பீட்டர் கேஸத்தான் எடுத்துக்காட்டாச் சொல்வேன்.

ஆர்டருக்கு வருவோம். ஹட்சன்-வீம்ஸ் 1988ல அயோவா யுனிவர்சிட்டில டாக்டரேட் வாங்கினது எம்மெட் டில் கொலையப் பத்தி. 1955, சிகாகோல இருந்து மிசிசிப்பிக்கு சொந்தக்காரங்க வீட்டுக்கு லீவுக்கு வந்த 14 வயசுப் பையன், கடைக்கார வெள்ளைப் பெண்ணப் பாத்து விசிலடிச்சான்னு சொல்லி கொன்னு ஆத்துல போட்டாங்க. அவங்க அம்மா மேமி டில், சிதைஞ்சு போன மொகத்தோட சவப்பெட்டியத் திறந்தே வைக்கணும், எல்லாரும் பாக்கட்டும்னு சொன்னாங்க. ஜூரி முழுக்க வெள்ளைக்கார ஆண்கள், கொன்னவங்க விடுதலை. அந்தக் கேஸுக்குள்ள வருஷக்கணக்கா இருந்துட்டு வந்த ஒருத்தங்ககிட்ட போய் 'பெண்கள் எல்லாரும் ஒரே கட்சி'ன்னு சொன்னா எப்படி ஏறும்? மேமி ஒரு பெண், கடைக்காரம்மாவும் ஒரு பெண். தியரியோட வேர் இங்க இருக்குன்னு நான் நினைக்கிறேன், இது என் ஊகம்தான்.

கே: ஆலிஸ் வாக்கரோட வுமனிசமும் இதுவும் ஒண்ணா?

இல்ல, இத ஒண்ணாப் போட்டு மார்க் இழந்தவங்க நிறைய. கறுப்பின நாவலாசிரியை வாக்கர் 1983ல வந்த கட்டுரைத் தொகுப்புல 'வுமனிஸ்ட்'னா யாருன்னு அகராதி மாதிரி விளக்கம் குடுத்தாங்க, கறுப்பின அம்மாக்கள் துடுக்கான பொண்ணுங்கள 'பெரிய மனுஷி மாதிரி பண்ணாத'ன்னு திட்டற வார்த்தைல இருந்து. அதுல பெண்ணை நேசிக்கற பெண்ணுக்கும் இடம் இருக்கு, ஆணும் பெண்ணும் சேந்த மொத்த மக்களோட வாழ்வும் இருக்கு, ஃபெமினிசத்தோட உறவும் இருக்கு. அந்தக் கடைசி விஷயம்தான் ஹட்சன்-வீம்ஸுக்கு ஒத்து வரல. நைஜீரிய விமர்சகர் சிக்வென்யே ஒகோன்ஜோ ஒகுன்யெமியும் 1985ல தனியா வுமனிசம்னு எழுதினாங்க. ஆக மூணு பேர், கிட்டத்தட்ட ஒரே சமயம், மூணு அர்த்தம்.

கே: பிளாக் ஃபெமினிஸ்டுகள் இத எப்படிப் பாக்குறாங்க?

கடுப்பாத்தான். முக்கியமான ரெண்டு ஆட்சேபம். ஒண்ணு, ஃபெமினிசம்னா வெள்ளைக்காரங்களோடதுன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டா அதுக்குள்ள இருந்து சண்டை போட்ட கறுப்பினப் பெண்கள் எல்லாம் யாரு? பாஸ்டன்ல இருந்த கோம்பாஹி ரிவர் கலெக்டிவ் 1977லயே அறிக்கை விட்டாங்க, இனவெறிய எதிர்த்து எங்க ஆண்களோட சேந்து நிப்போம், அதே ஆண்களோட ஆணாதிக்கத்த எதிர்த்தும் நிப்போம்னு. (அந்தப் பேர் ஒரு நதியோட பேர், 1863ல அங்கதான் ஹாரியட் டப்மன் படையோட போய் எழுநூறு பேருக்கு மேல விடுவிச்சாங்க.) இனம் ஒரு ரூம்லயும் பாலினம் இன்னொரு ரூம்லயும் நடக்கல, ரெண்டும் ஒரே உடம்பு மேலதான் விழுதுங்கறது அவங்க பேச்சு, அதத்தான் கிம்பர்லே கிரென்ஷா 1989ல 'இன்டர்செக்‌ஷனாலிட்டி'ன்னு சட்ட மொழில சொன்னாங்க.

ரெண்டாவது, 'ஆணோட ஒத்து வாழறவ'ன்னு குணமாவே எழுதிட்டா லெஸ்பியன் பெண்கள் எங்க போவாங்க? கவிஞர் ஆட்ரி லார்ட் மாதிரி ஒருத்தங்கள வெளிய நிறுத்தற வரையறை எனக்குச் சின்னதாத் தெரியுது. பதினெட்டுல முதல் குணமே 'தன் பேரத் தானே வச்சுக்கறவ'ன்னு சொல்லிட்டு, அவ 'நான் பிளாக், லெஸ்பியன், ஃபெமினிஸ்ட்'னு பேர் வச்சுக்கிட்டா அது செல்லாதுன்னா என்ன கணக்கு இது? இதுக்கு இது வரைக்கும் எனக்கு நல்ல பதில் கிடைக்கல.

கே: ஆப்பிரிக்காவுலயே வாழற பெண்கள் ஏத்துக்கிட்டாங்களா?

சிலர் ஏத்துக்கிட்டாங்க, பலர் அவங்கவங்க பேர அவங்கவங்க வச்சுக்கிட்டாங்க. மொலாரா ஒகுன்டிபே-லெஸ்லி 'ஸ்டிவானிசம்'னாங்க, அதாவது ஆப்பிரிக்கப் பெண்களையும் சேத்துக்கிட்ட சமூக மாற்றம். ஒபியோமா ந்னாயெமேகா 'நெகோ-ஃபெமினிசம்'னாங்க, அதாவது பேரம் பேசி விட்டுக்குடுத்து வாங்கறது. அமெரிக்காவுல இருந்து ஒரு பேர் கப்பலேறி வந்தா அதுவும் இறக்குமதிதானேன்னு ஒரு முணுமுணுப்பும் உண்டு.

ஆனா அங்க பெண்களுக்கு சொந்தமா அரசியல் இருந்துச்சுங்கறதுல சந்தேகமே வேணாம். 1929 நவம்பர்ல தென்கிழக்கு நைஜீரியா ஒலோகோ ஊர்ல ந்வான்யெருவான்னு ஒரு விதவை பனை எண்ணெய் எடுத்துட்டு இருக்காங்க, பிரிட்டிஷ்காரங்க நியமிச்ச தலைவரோட ஆள் வந்து 'உன் ஆட்ட எண்ணு, ஆளுங்கள எண்ணு'ங்கறான், எண்ணினா அடுத்து வரி வரும். இவங்க 'உங்கம்மாவ எண்ணினாங்களாடா?'ன்னு கேட்டு கைகலப்பாச்சு. பனையோலைய ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு அனுப்பிச்சாங்க, அதான் அழைப்பு. ஆயிரக்கணக்கான பெண்கள் தலைவர்கள் வீட்டு முன்னாடி உக்காந்து ராத்திரி பகலாப் பாட்டுப் பாடிக் கேலி பண்ணாங்க, தப்பு பண்ற ஆண்கள இப்படி 'ஆள் மேல உக்கார்றது' அந்தப் பக்கத்து இக்போ இனப் பெண்களோட பழைய வழக்கம். பிரிட்டிஷ் படை சுட்டு 50க்கும் மேற்பட்ட பெண்கள் செத்தாங்க. அம்மா, மனைவி, விதவைங்கற இடத்துல நின்னே நடத்தின போராட்டம் இது. அதே சமயம் தப்பு பண்ற ஆம்பளயத் தட்டிக் கேக்க ஒரு ஏற்பாடும் உள்ளயே இருந்துச்சுங்கறத மறந்துடக் கூடாது.

கே: வீட்டுக்குள்ளயே அடிக்கறவன் இருந்தா இந்த தியரி என்ன சொல்லும்?

இதத்தான் நானும் கேட்டுட்டு இருக்கேன். தியரிப்படி ஆணாதிக்கம் தப்பு, ஆனா அது நம்ம வீட்டுக்குள்ள பேசித் தீத்துக்க வேண்டியது, இனப் போராட்டத்த உடைக்காம. பேசித் தீராட்டி? அங்க பக்கம் கொஞ்சம் காலியாத்தான் இருக்கு. ஹட்சன்-வீம்ஸ் தன்னோட புத்தகத்துலயே எடுத்துக்கிட்ட செனகல் நாவல் ஒண்ணு இருக்கு, மரியாமா பா 1979ல பிரெஞ்சுல எழுதின கடித நாவல். ரமதுலாயேக்கு 12 புள்ளைங்க, புருஷன் தன் மகளோட தோழியவே ரெண்டாவதா கட்டிக்கிட்டான். இவ விவாகரத்து வாங்காம இருந்துட்டா, ஆனா அவளோட தோழி அய்சத்து அதே நிலைமைல புருஷன விட்டுட்டு புள்ளைங்களோட வெளிய போய்ப் படிச்சு வாஷிங்டன்ல வேலைக்குப் போயிட்டா. புருஷன் செத்து நாப்பதாம் நாள் முடிஞ்சதும் புருஷனோட கூடப்பிறந்தவன் வந்து 'உன்ன நான் கட்டிக்கறேன்'னு ஏதோ சொத்து கை மாத்தற மாதிரி சொல்ல, இத்தனை வருஷம் வாயத் திறக்காதவ வெடிச்சுப் பேசி அனுப்பிடறா. குடும்பத்த நடுவுல வச்சவதான் அவ, ஆனா யாரோட குடும்பம், அதுல யாரு உள்ள யாரு வெளியன்னு அவதான் முடிவு பண்றா. அய்சத்துவ நாவல் குத்தம் சொல்லவே இல்ல. தியரிய விட நாவல் பெருசா இருக்கு இங்க.

இதையும் சொல்லிடறேன். சில வருஷம் முன்னாடி ஒரு செமினார்ல ஒருத்தர் எழுந்து 'பாத்தீங்களா, கறுப்பினப் பெண்களே குடும்பம்தான் முக்கியம்னு சொல்றாங்க, நம்ம பொண்ணுங்கதான்...'னு ஆரம்பிச்சார், ஹால்ல கைதட்டல் வேற. தொலைஞ்ச அம்மாவ 50 சென்ட் குடுத்துத் தேடினவங்க கேட்ட குடும்பத்தையும் இவர் மருமகளுக்குச் சொல்ற குடும்பத்தையும் ஒரே தராசுல வைக்க முடியுமா? மைக் எனக்கு வரவே இல்ல, அந்தக் கோவம்தான் இவ்ளோ நீளமா இங்க கொட்டுது.

கே: தமிழ்ல இதுக்கு என்ன வார்த்தை?

நல்லதா ஒண்ணும் இல்ல. ஃபெமினிசத்துக்குப் பெண்ணியம்னு வச்சாச்சு, வுமனிசத்துக்கும் அதே பெண்ணியம்னு போட்டா ஹட்சன்-வீம்ஸ் சண்டை போட்டதே வீணாப் போயிடும். 'பெண்மையியம்'னு ஒருத்தர் எழுதிருந்தார், பெண்மைன்னதும் நமக்கு அச்சம் மடம் நாணம் வந்து நிக்கும், இன்னும் மோசம். நான் ஆப்ரிக்கானா வுமனிசம்னே எழுதறேன். ஒருத்தர் தனக்கு வச்சுக்கிட்ட பேர மாத்தாம கூப்பிடறதுல தப்பில்ல.

கே: ப்ராஜெக்டுக்கு எந்த நாவல் எடுக்கலாம்?

டோனி மாரிசனோட 1987 நாவல் 'பிலவ்ட்'ட எல்லாரும் எடுத்தாச்சு, வைவாவுல கேள்வி ரெடியா இருக்கும். அத எடுத்தே தீரணும்னா பின்னாடி இருக்கற மார்கரெட் கார்னர் கேஸப் படிச்சுட்டு வாங்க, 1856ல கென்டகில இருந்து உறைஞ்ச ஓஹையோ நதியத் தாண்டித் தப்பிச்சு வந்து, பிடிபடறப்ப அடிமையா திரும்பப் போக விடக் கூடாதுன்னு தன் மகளத் தானே கொன்ன அம்மா. பால் மார்ஷல், மரியாமா பா ரெண்டு பேரும் கொஞ்சம் ஃப்ரெஷ்ஷா இருப்பாங்க. என்ன எடுத்தாலும் தயவு பண்ணி 18 குணத்தையும் டேபிள் போட்டு கதாநாயகிக்கு டிக் அடிக்காதீங்க. எனக்கு வர்ற பத்து சாப்டர்ல எட்டு அப்படித்தான் இருக்கு. டிக் விழாத கட்டம் எது, ஏன் விழலன்னு ரெண்டு பக்கம் எழுதினா உங்க கைடு திட்டுவார், எக்ஸ்டர்னல் நிமிந்து உக்காருவார்.